முதலில் அவருக்குப் போடு

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் மறதியில் வந்து நிற்கிறது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவது, ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பது, போன ஞாயிறு பூசையில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போவது. சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். பிறகு ஆளுக்கொரு டாக்டர் பெயரைச் சொல்கிறோம். சிரிப்புக்குள் இருக்கிற பயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் பயம் கொஞ்சம் வேறு. மறந்துவிடுவேனே என்பதல்ல. எல்லாம் மறந்த பிறகு என் எதிரில் வந்து உட்காரப் போவது யார் என்பதுதான். சிரிக்காதீர்கள். என் பெரியப்பா வீட்டில் நான் கழித்த ஒரு கோடை விடுமுறையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

வீடு மயிலாப்பூர்தான், ஆனால் குளத்துப் பக்கம் இல்லை. கடற்கரைப் பக்கம். எங்கள் மாதா கோவில் மணி அடித்தால் அலமாரியில் டம்ளர்கள் லேசாக அதிரும். ஜன்னல் கம்பிகளை உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கும், பெரியம்மா வருஷா வருஷம் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. அதனால் பள்ளிக்கூடம் மூடினதும் கே.கே. நகரிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். திறக்கும்வரை அந்த வீட்டுக்கு நான்தான் ராஜாத்தி.

பெரியப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் கோவில் பங்கில் யாரும் அவரைக் கணக்குக்காக நினைவு வைத்திருக்கவில்லை. பந்தி விசாரிப்பதில்தான் அவருக்குப் பேர். யார் வீட்டுக் கல்யாணமானாலும், புதுநன்மை விருந்தானாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளுக்கு நடுவே நடப்பார். “தம்பி, அண்ணனுக்குக் குழம்பு ஊத்து. அந்தப் பாப்பா அப்பளத்தையே பாக்குது பார்.” கடைசி விருந்தாளி கை கழுவின பிறகுதான் அவர் இலை முன்னால் உட்காருவார். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்த வருஷம் பஸ்ஸில் வரும்போதே அப்பா சொன்னார்: “பெரியப்பாவுக்கு இப்போ கொஞ்சம் மறதி. நைநைன்னு நச்சரிக்காதே.” கொஞ்சம் என்றுதான் சொன்னார். பெரியவர்களின் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெரியப்பாவுக்கு என்னை நன்றாக அடையாளம் தெரிந்தது. கன்னத்தைக் கிள்ளி, “பாப்பா வளந்துட்டா” என்றார். சட்டைக் காலருக்கு மேல் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவ்வளவு மெலிந்திருந்தார். பெரியம்மா எனக்கு நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். நான் வாயில் வைப்பதற்குள் பெரியப்பா என் கையைப் பிடித்தார்.

“முதல்ல அவருக்குக் குடும்மா.”

அப்பா என்னை விட்டுவிட்டு வாசலோடு திரும்பிப் போயிருந்தார். கூடத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. “யாருக்கு பெரியப்பா?”

“மெதுவாப் பேசு. காதுல விழும்.” விரலை நீட்டாமல், கண்ணால் காட்டினார். விருந்தாளியை விரல் நீட்டிக் காட்டுவது மரியாதையா?

அங்கே பீரோ நின்றது. பெரியம்மாவின் சீதனம். நல்ல தேக்கு, கதவில் ஆளுயரக் கண்ணாடி. படுக்கையறை வாசலில் நுழையாததால் கல்யாணமான நாளிலிருந்து கூடத்திலேயே, சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் நின்றுவிட்டது. கடற்காற்றில் கண்ணாடியின் ரசம் போய் அங்கங்கே கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. நேராக நின்று பார்த்தால் ஒரு கண் தெரியும், மற்றது தெரியாது. அதற்குள் ஒல்லியான ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் சர்பத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அடுப்படியில் பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கிறிஸ்மஸ் முடிஞ்சதுலேர்ந்து இதே கூத்துதான். அது கண்ணாடிங்க, நீங்கதாங்கன்னு சொல்லிப் பாத்தாச்சு. ‘வந்தவரை வெச்சுக்கிட்டு இப்படியா பேசுவே’ன்னு எம்மேல கோவிச்சுக்கறாரு. அவர் சொல்றதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லிடு.”

கூத்து என்னவென்று மதியச் சாப்பாட்டில் பார்த்தேன். பெரியம்மா வஞ்சிரக் குழம்பு ஊற்றிப் பிசைந்தே வைத்திருந்தார். பெரியப்பா ஒரு கவளம் எடுத்தார். எதிரில் இருந்தவரும் எடுத்தார். பெரியப்பா கையை அப்படியே நிறுத்தி, “சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்று உபசாரம் செய்தார். அவரும் கையை நிறுத்தி உதடு அசைத்தார். பெரியப்பா காத்திருந்தார். அவரும் காத்திருந்தார். சோறு காய்ந்து விரலில் ஒட்டியது. பெரியப்பா கவளத்தைத் தட்டில் போட்டார். அவரும் போட்டார்.

“பாத்தியாம்மா, எவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுஷன். நான் வாய்ல வெக்காம அவரு வெக்க மாட்டேங்கறாரு. அவரு வெக்காம நான் எப்படி வெப்பேன்?”

இரண்டு மரியாதைக்காரர்கள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான். மேஜையைத் திருப்பிப் போட்டால் பெரியப்பா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு விருந்தாளியைப் பார்த்தே உட்கார்ந்தாராம். விருந்தாளிக்கு முதுகைக் காட்டுவாரா? பெரியம்மா வாயில் ஊட்டப் போனால் வெட்கப்பட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாராம். ஊருக்கெல்லாம் சோறு போட்டவர் நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தார். பட்டினி கிடக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

அன்று எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, நம் ஊரில் பசியோடு வந்தவனும் கூசாமல் சொல்கிற பொய்யை எடுத்துவிட்டேன். “பெரியப்பா, அவரு வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வந்தாராம்.”

பெரியப்பா அதில் லேசில் ஏமாறுகிறவரா? “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. இன்னொரு தடவை கேளு.” நான் கண்ணாடிப் பக்கம் போய்க் கேட்கிற மாதிரி நின்றுவிட்டு வந்தேன். “வயிறு முட்ட இருக்காம்.” இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். முறைப்படி வற்புறுத்தியாகிவிட்டது என்ற திருப்தி வந்த பிறகு, “அப்போ மன்னிச்சுக்கணும், நான் ஆரம்பிக்கறேன்” என்று சொல்லிச் சாப்பிட்டார். தட்டைக் காலி செய்தார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

அதிலிருந்து நான் இரண்டு பேருக்கும் நடுவே துபாஷி வேலையில் அமர்ந்தேன். விருந்தாளிக்கு இன்று பல்வலி. இன்று வெள்ளிக்கிழமை, ஒருசந்தி பிடிக்கிறாராம். இன்று தங்கச்சி வீட்டில் விருந்தாம். கூசாமல் அளந்தேன். எங்கே என் பொய் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு நாள் பயந்தேன். விருந்தாளியும் சாப்பிடத்தானே செய்கிறார், பெரியப்பா கண்ணில் அது படவில்லையா? பட்டிருந்தது. அவர் என் காதோரம் குனிந்தார்.

“சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டு மெல்ல சாப்பிடறாரு. ஏன்னு எனக்குத் தெரியும். எடது கையால சாப்பிடறாரு, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்கன்னு வெக்கம். பாவம், வலது கை வராது போல. நீயும் பாத்தும் பாக்காத மாதிரி இரு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், அந்தக் கிழவர் இடது கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அப்படித்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றுதான் முதல் தடவையாக அவரை வேறு ஒரு ஆளாகப் பார்த்தேன். உச்சி வெயிலில் கைமயிர் சிலிர்த்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் பெரியப்பா சொன்னார்: “இன்னைக்கு அவரு பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்காரு. உன் வயசுதான். அதுவும் எடது கை.”

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியில் கறுப்புத் திட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் நான் கூடத்தைக் கடக்கும்போது ஓடித்தான் கடந்தேன். தலை சீவ வேண்டுமென்றால் அடுப்படியில் எவர்சில்வர் தட்டைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பெரியப்பா சொல்ல ஆரம்பித்தார். நான் வெளியே விளையாடப் போயிருந்த நேரத்தில் சொன்னதையெல்லாம் சொன்னார். அவளுக்குக் கடல் என்றால் பயம். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவளுக்கு நீல ரிப்பன் பிடிக்கும். ஒரு நாள் காலை என் ஜோடி ரிப்பனில் ஒன்றைக் காணோம். வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம்.

“அந்தப் பொண்ணு கேட்டுச்சு, குடுத்துட்டேன்” என்றார் பெரியப்பா. கொடுத்துவிட்டுக் கணக்குச் சொல்கிற குரல். பெரியம்மா அவர் சட்டைப் பையில், தலையணை உறையில், பீரோவுக்கு உள்ளே எல்லாம் பார்த்தார். கிடைக்கவில்லை. மிச்ச நாளெல்லாம் ஒரு சடையில் ரிப்பனும் ஒரு சடையில் கறுப்பு நூலுமாக இருந்தேன்.

எல்லாம் நடந்தும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. பெரியவர்கள் அதோடு விட்டிருக்கலாம்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லி முடித்துவிட்டுப் பெரியப்பா மனைவியைப் பார்த்து மலர்ந்தார். “ஏம்மா, அவரும் நம்ம வேதக்காரருதான். சிலுவை போடறாரு. என்ன, அதையும் எடது கையால போடறாரு.”

பெரியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அந்த நேரம் பார்த்து மீன்காரம்மா கூடையை வாசலில் இறக்கினார். குப்பத்துக்காரர், வருஷக்கணக்காக இந்த வீட்டுக்கு மீன் போடுகிறவர். பெரியம்மா அடக்க முடியாமல் அவரிடம் கொட்டிவிட்டார்.

“இன்னா அண்ணி சொல்றே? பீச்சாங்கையால சிலுவ போடுதா?” மீன்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். “அது நல்லதா இருந்தா ஏன் மாத்திப் போடுது? கண்ணாடில காத்து கறுப்பு பூந்துகினு கீது அண்ணி. மொதல்ல அத்த மூடு.”

“பெரியம்மா, கண்ணாடில எல்லாமே மாறித்தானே தெரியும்?” என்றேன்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு.”

பெரியம்மா படித்தவர். அவருக்கும் தெரியும். ஆனால் இன்று யோசிக்கும்போது அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கட்டின புருஷன் மாசக்கணக்கில் ஒருவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால், எதிரில் ஆளே இல்லை என்று எத்தனை நாள்தான் நம்பிக்கொண்டிருக்க முடியும்? அன்று சாயங்காலம் கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கண்ணாடியில் தெளித்தார். பிறகு வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, பீரோவின் உச்சியிலிருந்து தரைவரை போர்த்தி, மேலே கனமான பெட்டியை வைத்து மூடினார்.

காலையில் பெரியப்பா கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார். வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

“எப்போ ஆச்சு?”

பெரியம்மா அவர் கையைப் பிடித்து மேஜைப் பக்கம் இழுத்தார்.

“நேத்துகூட நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே.”

உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பீரோவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மா சாமர்த்தியமாகத்தான் சொன்னார்: “அடக்கமெல்லாம் ஆயிடுச்சுங்க, எந்திரிச்சு வாங்க.” பெரியப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எதிர்ல வெச்சுக்கிட்டே அடக்கம் ஆயிடுச்சுங்கறியே, உனக்கு என்ன ஆச்சு?”

துணியை எடுத்துவிடலாம் என்றால் பெரியம்மாவுக்குப் பயம். எடுக்காவிட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார். எழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அடுப்படி வாசலில் வந்து தடுத்தார். தண்ணீர் மட்டும் குடித்தார். அடுத்த நாளும் அப்படியே. துக்கம் கேட்க யாருமே வரவில்லையே என்று அழுதார். தெருக்கோடி டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, டானிக் எழுதிக் கொடுத்து, இன்னும் இப்படியே போனால் தாங்காது என்று வாசலில் நின்று சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. தாங்காது.

பெரியம்மா பங்குச் சாமியாரை அழைத்துவரக் கோவிலுக்குப் போனார். நல்ல உச்சிப்பொழுது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியைத் தள்ளினேன். துணியைப் பிடித்து இழுத்தேன்.

எதைப் பார்க்கப் பயந்தேன் என்று கேட்டால், அதற்குள் யாருமே இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

இருந்தார்கள். நாற்காலியில் தாடி முளைத்த, கண் குழிந்த ஒரு ஆள். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் அந்தப் பெண். பெரியப்பா கண்ணாடியைப் பார்த்தார். அந்த ஆளை அவருக்குத் தெரியவில்லை. வழிப்போக்கனைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, பார்வை அவரைத் தாண்டிப் பெண்ணிடம் போய் நின்றது.

“ஐயோ பாவமே. நீ மட்டும் இருக்கியாம்மா?”

என்னிடம் பேசவில்லை. கண்ணாடியிடம்தான் பேசினார். “அப்பாவை நினைச்சு அழாதே. நல்ல மனுஷன். மோட்சத்துக்குத்தான் போயிருப்பாரு. நீ எப்போ சாப்பிட்டே?” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலில் பழைய பந்தி அதட்டல் வந்திருந்தது. “பாப்பா, பாத்துக்கிட்டு நிக்கிறியே. போய்ச் சோறு எடுத்துட்டு வா. முதல்ல அவளுக்குப் போடு.”

அடுப்படியில் பழைய சோறுதான் இருந்தது. ஊறுகாயோடு கொண்டுவந்தேன். கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். அவளும் வைத்தாள், இடது கையால். “இன்னொரு வாய்மா” என்றார் பெரியப்பா. “துக்கம் துக்கம்தான், வயிறு வயிறுதான். சாப்பிடு.” அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் வாயை நிறுத்தின பிறகும் அவள் வாய் ஒரு கணம் அசைந்தது போலிருந்தது. ரசம் போன கண்ணாடியின் வேலையாக இருக்கலாம். அவள் சடைகளில் ரிப்பன் ஒன்றா இரண்டா என்று பார்த்திருக்கலாம். பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் சாப்பிட்டு முடித்தாள். கடைசி விருந்தாளி கை கழுவியாயிற்று. பெரியப்பா பெருமூச்சு விட்டார். “அப்போ எனக்கும் கொஞ்சம் போடும்மா.”

பெரியம்மா சாமியாரோடு வாசலில் வந்து நின்றபோது பெரியப்பா இரண்டாவது தட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே கிடந்த துணியைப் பெரியம்மா பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை மடித்து உள்ளே வைத்தார்.

மிச்ச விடுமுறை முழுக்க முதல் பந்தி அந்தப் பெண்ணுக்குத்தான். அவள் சாப்பிட வேண்டுமென்றால் நான் சாப்பிட வேண்டும். எனக்குப் பாவாடை இறுக்கிப் பிடித்தது, பெரியப்பாவுக்குக் கன்னத்தில் சதை ஏறியது. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. நான் போனால் அவளும் போய்விடுவாள். அப்புறம் அவர் யாருக்காகக் காத்திருப்பார்? பெரியம்மாவுக்கும் அதே நினைப்பு. அழைத்துப்போக வந்த அப்பாவிடம், “இன்னும் நாலு நாள் விட்டுட்டுப் போயேன்” என்று கெஞ்சினார். பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்றார் அப்பா. அவருக்கு என்ன தெரியும்.

“போயிட்டு வரேன், பெரியப்பா” என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்து, நெற்றியில் சின்னதாகச் சிலுவை வரைந்தார். “போயிட்டு வாம்மா. உனக்கு அப்பா வந்திருக்காரு, நீ போ.” பிறகு பீரோப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தினார். “அவ இங்கயே இருக்கட்டும். அவளுக்கு யாரும் இல்லை.”

வாசலைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியப்பா அடுத்த தவக்காலம்வரை இருந்தார். அடக்கம் முடிந்த சாயங்காலம், வந்தவர்களெல்லாம் போன பிறகு, பெரியம்மாவிடம் கேட்டேன்: நான் போன பிறகு அவர் சாப்பிட்டாரா?

“நீ போன அன்னிக்கு தட்டை வெச்சுட்டு ஓரமா நின்னேன். கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் பொறுத்து, ‘சாப்ட்டுட்டா’ன்னு சொல்லிட்டு, சாப்பிட ஆரம்பிச்சாரு. கடைசி வரைக்கும் ஒரு வேளை தப்பல.”

“யாரு பெரியம்மா சாப்ட்டா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கண்ணாடிப் பக்கம் திரும்பல.”

பெரியம்மாவும் போன பிறகு வீட்டை விற்றார்கள். பழைய சாமான் எடுக்கிறவர்கள் பீரோவை நகர்த்தியபோது நான் கூடவே நின்றேன். பின்னால் சாக்பீஸ் துண்டு, பேனா மூடி, அறுந்த செபமாலை மணிகள், ஒரு எவர்சில்வர் ஸ்பூன் எல்லாம் கிடைத்தன. தரையை நானே பெருக்கிப் பார்த்தேன். நீல ரிப்பன் மட்டும் கிடைக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது கண்ணாடியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்துக் கட்டினார்கள். அது எந்த வீட்டுக்குப் போனதோ, அங்கே அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க யாராவது இருந்தார்களோ, தெரியாது.

போன மாதம் நானும் டாக்டரிடம் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். எண்களெல்லாம் ஒரே பக்கமாக வந்து நின்றுவிட்டன. டாக்டர் ‘கொஞ்சம்’ என்றார். பெரியவர்களின் அதே கொஞ்சம்.

இப்போது வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அங்கே துணி அலமாரிக் கதவு முழுக்கக் கண்ணாடி. ரசமெல்லாம் போகவில்லை, பளபளவென்று இருக்கிறது. மகளிடம் இரண்டே விஷயம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று, என்ன ஆனாலும் கண்ணாடியைத் துணி போட்டு மூடாதே. இன்னொன்றைச் சொன்னபோது அவள் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நான் தட்டை வைத்துக்கொண்டு கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் என்னை அதட்டாதே. எதிரில் ஒரு சின்னப் பெண் இருப்பாள், நீல ரிப்பன் கட்டியிருப்பாள். முதலில் அவளுக்குப் போடு.